பொன் கப்பலுக்கு, நஞ்சு கங்கைக்கு!

கண்டி மாநகரில் நாள்தோறும் ஒரு கொள்ளை நடைபெறுகின்றது. பட்டப்பகலில், மணிக்கூட்டுக் கோபுரத்தின் நிழலில், மாநகர சபையின் கண்ணெதிரே நடைபெறுகின்றது. கொள்ளை போவது பொன், வெள்ளி, செம்பு. கொள்ளைக்குக் கூலியாக நம்மிடம் விட்டுச் செல்லப்படுவது ஈயமும் கட்மியமும் கசியும் குப்பை மேடு. கொள்ளையர் யாவர் என்று கேட்கின்றீர்களா? முகமூடி அணிந்தவர்கள் அல்லர். கண்ணாடிக் கதவும் குளிரூட்டிய அறையும் புன்னகை பூத்த விளம்பரப் பலகையும் உடைய கனவான்கள். கைத்தொலைபேசியை விற்கும்போது கைகூப்பி வரவேற்றுவிட்டு, அது பழுதுற்றுச் செத்த பின் "எமக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை" என்று கைவிரிப்பவர்கள்.

மிகைப்படக் கூறுகின்றோம் என்று எண்ணும் அன்பர்கள் சற்றுப் பொறுத்துக் கணக்கைப் பார்க்கட்டும்.

உள்ளங்கையில் ஒரு சுரங்கம்

கைத்தொலைபேசி ஒன்றைப் பிளந்து பாருங்கள். அதன் மின்சுற்றுப் பலகையில் நரம்புபோல் ஓடுவது செம்பு. இணைப்பு முனைகளில் பூசியிருப்பது என்றும் துருவேறாத பொன். பற்றாசில் வெள்ளீயமும் வெள்ளியும்; பழைய கருவியாயின் ஈயமும். மின்னைக் கணநேரம் தேக்கிவைக்கும் கடுகளவு உறுப்புகளில் பலேடியமும் தந்தாலமும். விரல் பட்டதும் உணரும் திரையின்மேல், கண்ணுக்குத் தெரியாத படலமாக இந்தியம். ஒலிபெருக்கியின் காந்தத்தில் நியோடிமியம். சட்டைப்பைக்குள் நடுங்கி அழைப்பை உணர்த்தும் சிறு மோட்டாரில் டங்ஸ்டன். பற்றரிக்குள் லிதியம், கோபால்ட், காரீயம். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் மூலக அட்டவணையிற் பாதிக்கு மேல் ஒருவன் உள்ளங்கைக்குள் அடங்கிக் கிடக்கின்றது. இவற்றை எடுப்பதற்காகக் கொங்கோ நாட்டிலே மலைகள் குடையப்படுகின்றன. உலகின் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அங்கிருந்தே வருகின்றது. அந்தச் சுரங்கங்களில் குழந்தைகள் மண் சுமந்த கதையை உலகப் பத்திரிகைகள் எழுதி ஓய்ந்துவிட்டன.

எவ்வளவு பொன்? அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதன்படி பத்து இலட்சம் பழைய கைத்தொலைபேசிகளில் ஏறத்தாழ 34 கிலோ பொன், 350 கிலோ வெள்ளி, 15 கிலோ பலேடியம், 16 தொன் செம்பு இருந்தன. பத்தாயிரம் கருவிகளை, அதாவது பற்றரி நீங்கலாக ஏறத்தாழ ஒரு தொன் எடையை, எடுத்துக்கொண்டால் அதில் 340 கிராம் பொன். நம் வீட்டுக் கணக்கிலே சொன்னால் நாற்பத்திரண்டரைப் பவுண்! ஒரு தொன் பாறையில் ஐந்து கிராம் பொன் கிடைத்தாலே அதை நல்ல சுரங்கம் என்று கொண்டாடி, ஆயிரம் அடி ஆழம் தோண்டுகின்றது உலகம். இங்கோ தோண்ட வேண்டியதில்லை. மேசை இழுப்பறையைத் திறந்தாற் போதும். இன்றைய கருவிகளில் பொன்னின் அளவு முன்னையிலும் குறைந்துள்ளது என்பது உண்மை. பாதியாகக் குறைந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பாறையைவிட முப்பது மடங்குக்கு மேல் செறிந்த பொன்னல்லவா அது?

யப்பானியர் இக்கணக்கை ஏட்டோடு விடவில்லை. தோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுக்காக 2017 ஏப்பிரல் முதல் 2019 மார்ச் வரை நாடெங்கும் பழைய கருவிகளைத் திரட்டினர். 62 இலட்சம் கைத்தொலைபேசிகளும், அவற்றோடு சேர்த்து ஏறத்தாழ 79,000 தொன் பழைய மின்கருவிகளும் வந்து குவிந்தன. அவற்றிலிருந்து 32 கிலோ பொன்னும் 3,500 கிலோ வெள்ளியும் 2,200 கிலோ வெண்கலமும் பிரிக்கப்பட்டன. 2021இல் அவ்விளையாட்டில் வென்றோர் கழுத்தில் தொங்கிய ஏறத்தாழ 5,000 பதக்கங்களும் குப்பையிற் பிறந்தவை.

நம் நாட்டிலே மக்கள்தொகையைவிடக் கைத்தொலைபேசி இணைப்புகளின் தொகை அதிகம். தோட்டத்து லயம் முதல் தலதா வீதி மாடிவீடு வரை அது இல்லாத இல்லமில்லை. 2022இல் டொலர் இல்லை என்று நாடு கடனை அடைக்க முடியாமல் கைவிரித்தது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் வரிசையில் நின்று மயங்கி விழுந்தோம். அந்த நாட்களிலும் இதே பொன், உடைந்த கருவிகளுக்குள் இருந்தபடியே, கிலோக் கணக்கில் பழைய இரும்பின் விலை பேசப்பட்டு மூட்டையாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. டொலரைத் தேடி உலகமெல்லாம் ஓடிய மேதாவிகள் ஒருவராவது தம் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தார்களா?

காரீயம் போன வழி

இஃது இன்று நேற்றுத் தோன்றிய நோயன்று. மண்ணிலிருப்பதைக் கட்டியாக அள்ளிக் கொடுத்துவிட்டு, அதையே பண்டமாகப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் பழக்கம் நம் எலும்பில் ஊறியது. அதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டா; குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹச் சுரங்கத்தையும், கேகாலை மாவட்டத்துப் போகலைச் சுரங்கத்தையும் பார்த்தாற் போதும்.

காரீயம் என்பது பென்சிலுக்குள் இருக்கும் கரி. இலங்கையிலோ அது பாறைப் பிளவுகளில் நரம்பாக ஓடிக் கட்டியாகவே கிடைக்கின்றது. இத்தனை தூய காரீயம் இயற்கையாக வேறெங்கும் இவ்வளவில் அகழப்படுவதில்லை என்பது உலகறிந்த செய்தி. தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் தூய கரி. சில கட்டிகளில் அது தொண்ணூற்றொன்பதை எட்டும். முதலாம் உலகப்போர்க் காலத்தில் பீரங்கிக்கு உலோகம் உருக்கும் மூசைகள் செய்வதற்காக ஆண்டொன்றில் 30,000 தொன்னுக்கு மேல் கப்பலேறியது. போர் முடிந்தது, விலை விழுந்தது, நூற்றுக்கணக்கான குழிகள் மூடப்பட்டன, குழிக்குள் இறங்கியவன் கூலியிழந்து வீடு திரும்பினான். 1971இல் அரசாங்கம் சுரங்கங்களைத் தன் கையில் எடுத்தது. பின்னர் போகலையின் பெரும்பங்கு ஜெர்மானியக் கம்பெனி ஒன்றின் கைக்குச் சென்றது. கஹட்டகஹ இன்றும் அரசின் கையில் உள்ளது. இப்போது ஆண்டுதோறும் ஏற்றுமதியாவது சில ஆயிரம் தொன் மட்டுமே.

இந்தக் காரீயத்துக்கும் கைத்தொலைபேசிக்கும் என்ன உறவு? லிதியம் பற்றரி என்று பெயரெடுத்த பொருளுக்குள் லிதியத்தைப் போல் பல மடங்கு எடையில் இருப்பது காரீயம். சாதாரணக் கைத்தொலைபேசிப் பற்றரி ஒன்றில் பத்துக் கிராமுக்குக் குறையாது. பற்றரிக்கு ஏற்றதாக அதை 99.95 விழுக்காடு தூய்மையாக்கி, உருண்டை மணிகளாக்கி, மேற்பூச்சுப் பூசும் தொழில் ஏறத்தாழ முழுவதும் சீனத்தின் கையில் உள்ளது. 2023 டிசம்பர் முதல் அந்நாடு அதன் ஏற்றுமதிக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமெனக் கட்டுப்பாடு விதித்ததும் அமெரிக்காவும் ஐரோப்பாவும் யப்பானும் கலங்கின. நம் மண்ணின் காரீயம்தான் நம் சட்டைப்பையிலுள்ள பற்றரிக்குள் இருக்கின்றது என்று நாம் கூறவில்லை. இருக்க வேண்டியது இல்லையே என்பதுதான் நம் வழக்கு. இக்காரீயத்தைப் பற்றரிக்கு ஏற்றதாக்கும் ஆய்வு, கண்டி நகருக்கு மேலே ஹந்தானை மலைச்சாரலில் உள்ள அடிப்படை ஆய்வு நிறுவனத்திலேயே ஆண்டுக்கணக்காக நடைபெற்று வருகின்றது. ஆய்வாளர் எழுதிய கட்டுரைகள் வெளிநாட்டு ஏடுகளில் அச்சாகின்றன. ஆலை எங்கே? கேட்பாரில்லை.

இன்னொரு நினைவும் எழுகின்றது. இலங்கையின் கனிய ஆய்வுப் பகுதிக்கு முதல் இயக்குநராக 1903இல் அமர்ந்தவர் யார்? முத்துக் குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்தக் குமாரசுவாமி! கலைக்கு அவர் செய்த தொண்டை மட்டும் மேடைதோறும் முழங்குகின்றோம். அவர் பாறைகளைத் தட்டிப் பார்த்த புவியியலாளர் என்பதும், சப்பிரகமுவப் பகுதியில் 1904இல் தோரியனைற்று என்னும் புதிய கனியத்தைக் கண்டறிந்தவர் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? 1905இல் அவர் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பழங் கட்டடங்களையும் கைத்தொழில்களையும் காக்குமாறு அவர்களை வேண்டினார். கண்டியைச் சூழ்ந்த ஊர்களில் பொன்னும் வெள்ளியும் பித்தளையும் வேலை செய்த கைவினைஞர்களின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. பிலிமத்தலாவையில் இன்றும் பித்தளைக் கடைகள் வீதியோரம் வரிசையாக நிற்கின்றன. செம்பையும் நாகத்தையும் தலைமுறை தலைமுறையாக உருக்கி வார்த்த கைகள் அங்கே இருக்கின்றன. அவர்களுக்கு ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் துறை இருக்கின்றது. ஹந்தானையில் ஆய்வுகூடம் இருக்கின்றது. கைவினையும் கல்வியும் ஆய்வும் அருகருகே இருந்தும், ஒரு செத்த கைத்தொலைபேசியின் பலகையில் எவ்வளவு பொன் இருக்கின்றது என்று நிறுத்துச் சொல்ல இந்நகரில் ஓரிடம் இல்லை என்றால், அது வறுமையா, அசட்டையா?

கொஹாகொடையைப் பாருங்கள்

பொன் போன கதை இது. நஞ்சு எங்கே போகின்றது?

செத்த கைத்தொலைபேசிக்கு மூன்று வழிகள். ஒன்று, வீட்டு இழுப்பறை. இரண்டு, திருத்தும் கடையும் பழைய இரும்புக் கடையும். அங்கே உதவக்கூடிய உறுப்புகள் பிடுங்கப்படுகின்றன. பொன்னுள்ள பலகை கழற்றப்பட்டுத் தரகர் கைமாறிக் கொழும்புக்கும், அங்கிருந்து கடல் கடந்த உருக்காலைகளுக்கும் போகின்றது. எஞ்சிய பிளாஸ்டிக்கும் உடைந்த திரையும் வீங்கிய பற்றரியும் மூன்றாம் வழியில் செல்கின்றன. அதுதான் குப்பை வண்டி.

கண்டியின் குப்பை பல பத்தாண்டுகளாகக் குவிந்த இடம் கொஹாகொடை. அது மகாவலி கங்கையின் கரையிலே இருக்கின்றது என்பதைக் கொழும்பிலே சட்டம் இயற்றுவோர் ஒருமுறையாவது நேரில் வந்து பார்க்க வேண்டும். மழை பெய்தால் மேட்டினூடே இறங்கும் நீர், குப்பையில் உள்ள உலோகங்களைக் கரைத்துக்கொண்டு கரிய சாறாகக் கங்கையை நோக்கி வழிகின்றது. அச்சாற்றை அளந்து, அதிலே கனவுலோகங்கள் உள்ளன என்று பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியது ஒருமுறையன்று. கண்டியில் மழைக்குப் பஞ்சமா?

கங்கை அங்கேயே நின்றுவிடுவதும் இல்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து பொல்கொல்லை அணையை அடைகின்றது. 1976 முதல் அவ்வணையிலிருந்து எட்டுக் கிலோமீற்றர் மலைச்சுரங்கம் வழியாக உக்குவளைக்கும், அங்கிருந்து சுது கங்கை வழியே போவதென்னைக்கும், மேலும் வடமத்திய வயல்வெளிகளுக்கும் நீர் திருப்பப்படுகின்றது. எஞ்சியது விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குப் போகின்றது. ஆகவே கண்டியிலே எறிந்த பற்றரியின் வழக்கு கண்டியின் வழக்கு மட்டுமன்று. அநுராதபுரத்து விவசாயி எந்தக் கட்சிக்கு வாக்களித்தாலும், எந்த மொழியைப் பேசினாலும், அவன் வாய்க்கால் தொடங்கும் ஆறு இதுதான். ஈயம் குழந்தையின் மூளையைத் தாக்கும். கட்மியம் சிறுநீரகத்தைத் தாக்கும். இதிலே இனம் ஏது, மதம் ஏது?

செம்பு எடுப்பதற்காகக் கம்பியையும் பலகையையும் வெட்டவெளியில் எரிப்பவர்களும் உண்டு. தீப்பிடிக்காமல் இருக்கப் பிளாஸ்டிக்கில் சேர்த்த புரோமின் கலவைகள் எரியும்போது தயொட்சின் என்னும் கொடிய நஞ்சு புகையாக எழுகின்றது. சீனத்திலே குவியூ என்னும் ஊர் இவ்வாறு உலகின் மின்கருவிக் குப்பையை எரித்துப் பிழைத்தது. அங்குள்ள குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்ததை மருத்துவர் கண்டறிந்த பின்னரே உலகம் விழித்தது. அந்நிலை இங்கு வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் நம் ஆட்சியாளரின் எண்ணமா?

மகியாவையின் கைகள்

இக்குப்பையைத் தொடுபவர் யார்? கண்டி நகரின் தெருக்களைக் கூட்டுவதற்கென வெள்ளையர் ஆட்சியிலே கொண்டுவரப்பட்டு, மகியாவையில் வரிசை வீடுகளில் குடியமர்த்தப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கின்றனர். பெரஹரா முடிந்த மறுநாள் காலையில், உலகமே புகழும் நகரம் மீண்டும் நகரமாகக் காட்சியளிப்பது இத்தகைய தொழிலாளர் கைகளாலே. பூட்டன் கூட்டினான், பாட்டன் கூட்டினான், தந்தை கூட்டினான். அவர்கள் கூட்டிய குப்பை வாழையிலையும் சாம்பலும். இன்று மகன் அள்ளும் குப்பைக்குள் லிதியம் இருக்கின்றது. வண்டியின் அழுத்தத்தில் பற்றரி நசுங்கினால் தீப்பற்றும். அதைச் சொல்லிக் கொடுத்தவர் உண்டா?

மாநகர சபைப் பெருமக்களை நேராகவே கேட்கின்றோம். துப்புரவுத் தொழிலாளியின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு என்ன என்று ஒருமுறையேனும் சோதித்தீர்களா? சோதித்திருந்தால் அறிக்கை எங்கே? பற்றரியை வேறாக இடுவதற்கு வண்டிதோறும் ஒரு வாளியாவது கட்டினீர்களா? 2017 ஏப்பிரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 32 உயிர்களைப் புதைத்தது. அன்று எத்தனை ஆணைக்குழு, எத்தனை கண்ணீர், எத்தனை வாக்குறுதி! குப்பை மலை உயிர் குடிக்கச் சரிய வேண்டும் என்பதில்லை. ஓசையின்றிக் கசிந்தும் குடிக்கும்.

கனவான்களின் மூன்று சாக்குகள்

விற்பனைக் கம்பெனிகள் முதலிற் சொல்லும் விடை, "பெட்டி வைத்திருக்கின்றோம்" என்பது. ஆம், சில கடைகளின் மூலையில் பழைய கருவிகளைப் போட ஒரு பெட்டி இருக்கின்றது. நன்றி. இந்த ஆண்டு எத்தனை கருவிகளை விற்றீர்கள், அப்பெட்டிகளில் எத்தனை திரும்பி வந்தன என்ற இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பத்திரிகையில் வெளியிடுங்கள் பார்ப்போம். விற்பனையை விளம்பரம் செய்ய முழுப் பக்கம் வாங்குகின்றவர்களுக்கு இவ்விரண்டு எண்களை அச்சிட இரண்டு அங்குலம் கிடையாதா? உலகம் முழுவதும் 2022இல் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்கருவிக் கழிவு குவிந்தது. முறைப்படி திரட்டி மீட்கப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடு. செல்வ நாடுகளையும் சேர்த்த கணக்கு இது. பெட்டிகளால் நிறைவேறாது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இரண்டாவது சாக்கு, மக்கள் மேல் பழி. "மக்களுக்கு விழிப்புணர்ச்சி இல்லை, ஆடம்பரத்துக்காகப் புதிது புதிதாக வாங்குகின்றார்கள்" என்பது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, பாடம் கேட்பதற்காக ஒரு கருவியைக் கையில் ஏந்தி, அலை கிடைக்கும் இடம் தேடி மலை உச்சிக்கும் மரக்கிளைக்கும் ஏறிய மலைநாட்டுப் பிள்ளைகளா ஆடம்பரக்காரர்? பழைய கருவியை மக்கள் இழுப்பறையில் வைத்திருப்பது அறியாமையாலன்று. அதற்குள் மகளின் படம் இருக்கின்றது, தந்தையின் குரல் இருக்கின்றது; அதை எவன் கையில் கொடுப்பது என்ற அச்சம் இருக்கின்றது. கொடுத்தால் ஒரு சதமும் கிடைப்பதில்லை. சோடாப் போத்தலுக்கு வைப்புப் பணம் வாங்கிய காலத்தில் ஒரு போத்தலாவது தெருவிற் கிடந்ததுண்டா? சிறுவன்கூடப் பொறுக்கிக்கொண்டு கடைக்கு ஓடினான். போத்தலுக்குப் பொருந்திய புத்தி பொன்னுக்குப் பொருந்தாதா?

மூன்றாவது சாக்கு சற்று வலுவானது. அதை மதித்தே விடை கூறுவோம். "உலோகம் பிரிக்கும் பெரிய உருக்காலைகள் பெல்ஜியம், சுவீடன், ஜெர்மனி, யப்பான் போன்ற சில நாடுகளிலேயே உள்ளன, சிறிய நாடாகிய நம்மால் அத்தகைய ஆலை கட்ட இயலாது" என்பர். மெய்தான். கண்டியிலே உருக்காலை கட்டுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அமிலத்தில் பலகையை ஊறவைத்துப் பொன் எடுக்கும் கொல்லைப்புற வேலையையும் வேண்டா என்கின்றோம். அந்தப் பெரிய ஆலைகளிற்கூடப் பொன்னும் வெள்ளியும் செம்பும் பலேடியமும் மீள்கின்றன; தந்தாலமும் நியோடிமியமும் கசடோடு போய்விடுகின்றன; பற்றரியை உலையிலிட்டால் காரீயம் புகையாகிவிடுகின்றது. அதுவும் நாம் அறியாததன்று. நாம் கேட்பது அதற்கு முந்திய படி. கழற்றுதல், தரம் பிரித்தல், நிறுத்தல், மாதிரி எடுத்து எவ்வளவு பொன் உண்டு என்று சோதித்தல். இதற்கு வேண்டுவது ஒரு நல்ல கட்டடம், பயிற்சி பெற்ற கைகள், ஓர் ஆய்வுகூடம். தேயிலையை மாதிரி பார்த்துச் சுவைத்துத் தரம் கூறாமல் ஏலத்தில் விடும் தோட்டத்துரை உலகில் உண்டா? ஆனால் பொன்னுள்ள பலகையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கிலோவுக்கு இவ்வளவு என்று விற்கின்றோம். வாங்குகின்றவன் தன் ஊரிலே சோதிக்கின்றான்; எவ்வளவு பொன் இருந்ததென்று அவனுக்கே தெரியும்.

சட்டம் யாரைப் பிடிக்கின்றது?

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சுற்றாடல் சட்டத்தின்கீழ் 2008இல் ஆபத்தான கழிவுகளுக்கென விதிகள் வெளியாயின. கழிவைத் திரட்டுகின்றவன், ஏற்றிச் செல்கின்றவன், தேக்கி வைக்கின்றவன், மீட்கின்றவன் ஆகிய எல்லோரும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப் பத்திரம் பெற வேண்டும் என்கின்றன அவை. விதி நல்லதே. ஆனால் அது பிடிப்பது யாரை? மூட்டை தூக்குகின்றவனை. அனுமதிப் பத்திரத்துக்குப் பணமில்லாத சிறு வியாபாரி ஒளிந்து தொழில் செய்கின்றான். ஒளிந்து செய்வதாலே எரிக்கின்றான். இலட்சக்கணக்கிற் கருவிகளை இறக்குமதி செய்து இலாபத்தை எண்ணிக்கொண்டவர் அவ்விதிகளின் வலைக்கு அப்பால் நிற்கின்றார்.

அயலிலுள்ள இந்தியா 2012 முதல் உற்பத்தியாளர் மேல் இப்பொறுப்பைச் சட்டத்தாற் சுமத்தியது. 2023 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள், விற்றதில் இத்தனை பங்கு மீட்கப்பட வேண்டும் என்று ஆண்டுதோறும் இலக்கு வைக்கின்றன. அங்கே ஏமாற்று இல்லை, எல்லாம் செம்மை என்று நாம் சான்றிதழ் எழுதவில்லை. ஆனால் பொறுப்பு விற்றவனுடையது என்ற கோட்பாடு அங்கே எழுத்தில் ஏறிவிட்டது.

கனியம் யாருடையது என்ற கேள்விக்கு நம் உச்ச நீதிமன்றமே 2000ஆம் ஆண்டில் விடை தந்தது. எப்பாவலையின் பொசுபேற்றுப் படிவை அமெரிக்கக் கம்பெனிகள் பங்குகொண்ட கூட்டு முயற்சிக்குக் கொடுக்க அரசாங்கம் முனைந்தபோது, அங்குள்ள விவசாயிகள் வழக்காடினர். நாட்டின் இயற்கை வளத்துக்கு அரசு காவலன். வரும் தலைமுறைகளையும் எண்ணியே அதைக் கையாள வேண்டும் என்று கூறி, முறையான ஆய்வின்றி அத்திட்டம் முன்செல்வதை நீதிமன்றம் தடுத்தது. மண்ணுக்குள் இருக்கும் கனியத்துக்கு அந்நீதி என்றால், மண்ணுக்கு மேல், நம் காசு கொடுத்து வாங்கி, நம் வீடுகளில் கிடக்கும் பொன்னுக்கும் செம்புக்கும் என்ன நீதி? அதையும் பொதுவளமாகக் கொள்ளலாகாதா? 1815இல் மகுல் மடுவையிற் கூடிய பிரதானிகள் ஒரு கையெழுத்தாவது போட்டு நாட்டைக் கொடுத்தார்கள். இன்று கையெழுத்தும் இல்லை, ரசீதும் இல்லை!

செய்ய வேண்டியது

விற்கும்போதே ஒவ்வொரு கருவியின் விலையிலும் ஒரு வைப்புப் பணம் சேர்க்கப்பட வேண்டும். செத்த கருவியை எந்தக் கடையில் கொடுத்தாலும் அப்பணம் மீண்டும் கைக்கு வர வேண்டும். திரும்பிவந்த எண்ணிக்கையை இறக்குமதியாளர் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இலக்கில் குறைந்தால் அபராதம் கட்ட வேண்டும். இது பாராளுமன்றத்தின் வேலை. மலைநாட்டு மக்களின் வாக்கைப் பெற்று அங்கே அமர்ந்திருக்கும் உறுப்பினர்கள், எந்தக் கட்சியினராயினும், இதற்கெனத் தனி மசோதா ஒன்றைக் கொண்டுவருவதை யார் தடுத்தார்?

பாராளுமன்றம் விழிக்கும்வரை மாநகர சபை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டுப் படங்கள் அழிக்கப்படும் என்ற உறுதியோடு கருவிகளைப் பெற ஓர் இடம். கழற்றித் தரம் பிரிக்கும் தொழிற்கூடம். பேராதனையோடும் ஹந்தானையோடும் ஓர் ஒப்பந்தம், பொன்னின் அளவைச் சோதித்துச் சொல்வதற்கு. தொழிற்கூடத்தில் வேலைக்கு அமர்த்தப்பட வேண்டியவர் யார் என்பதில் நமக்கு ஐயமில்லை. தலைமுறைகளாக இந்நகரின் அழுக்கைச் சுமந்த மகியாவைக் குடும்பங்களின் பிள்ளைகளும், இன்று ஒளிந்து தொழில் செய்யும் பழைய இரும்பு வியாபாரிகளும் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து அதை நடத்தட்டும். கையுறையும் முகக்கவசமும் மருத்துவச் சோதனையும் அங்கே சலுகையாக அன்றி உரிமையாக இருக்கட்டும். சோதித்து அளவறிந்த பலகையை ஏலத்தில் விட்டு வரும் பணம் அச்சங்கத்துக்கே சேரட்டும்.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்து, ஈராண்டுக்கு மேல் இந்நகரம் மக்கள் பிரதிநிதிகளின்றி அதிகாரிகளால் ஆளப்பட்டது. 2025 மே 6இல் வாக்குப் பெட்டி திறந்தது. வட்டாரம் வட்டாரமாக வந்து கும்பிட்டார்கள், மகியாவையின் படிக்கட்டுகளிலும் ஏறி இறங்கினார்கள். அப்படிக்கட்டுகளில் வாழ்கின்றவர்கள் அடுத்த வரவுசெலவுத் திட்டம் மாநகர மண்டபத்தில் வாசிக்கப்படும் நாளில் பார்வையாளர் பகுதியில் போய் அமரட்டும். குப்பை வண்டிதோறும் பற்றரிக்கென ஒரு மணல் வாளிக்கும், தொழிலாளியின் இரத்தச் சோதனைக்கும், தொழிற்கூடத்தின் முதல் தராசுக்கும் எத்தனை ரூபா ஒதுக்கப்பட்டுள்ளது என்று அங்கேயே, கணக்கு வாசித்து முடியுமுன், எழுந்து கேட்கட்டும்.